பதிவேட்டில் இல்லாத நாள்

போன வாரம் நாம் அந்த வீட்டை விட்டு வந்தபோது, கீழ்வீட்டு அறையில் கைப்பேசி அடித்துக்கொண்டிருந்தது. விடியற்காலை ஐந்தரை மணி. கணவனும் மனைவியும் அதை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழைப்பது யாரென்று இருவருக்கும் தெரியும். அரைமணி நேரத்துக்கு முன்பே மாடிப்படியில் அவருடைய செருப்புச் சத்தம் இறங்கிப் போயிருந்தது.

மனைவி குருவிதான் எடுத்தாள்.

"தூங்கறியா?" என்றார் நாத்தனார்.

"இல்ல அண்ணி."

"நைட் டியூட்டி பொண்ணு மயங்கி விழுந்துட்டா. முந்தாநாள் காலையில வந்தவ, வீட்டுக்கே போகல. இன்னொருத்தி லீவு. நாப்பத்தாறு பேர் இருக்காங்க. நான் ஒருத்திதான்."

வருகிறாயா என்று அவர் கேட்கவில்லை. கைப்பேசியில் ஆஸ்பத்திரியின் இருமல் சத்தங்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன.

"வரேன்," என்றாள்.

கணவன் எழுந்து உட்கார்ந்தான். "இன்னைக்கு உனக்கு அங்க வேலையே கிடையாது."

"தெரியும்."

"சம்பளமும் கிடையாது."

"அதுவும் தெரியும்."

"அப்புறம் எதுக்குப் போற?"

"உங்க அக்காதான் கூப்பிட்டாங்க. இந்தாங்க போன். வரமாட்டான்னு நீங்களே சொல்லிடுங்க."

அவன் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். மின்சாரம் ஓடும் கம்பியைப் பார்ப்பதுபோல் அந்தக் கைப்பேசியைப் பார்த்தான். பிறகு, "வெறும் வயித்தோட போகாத," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தான்.

கதைக்குள் இப்போதுதான் வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. குருவி என்பது வார்டில் அவளுக்கு வைத்த பெயர். ஆள் சிறிசு, ஒரு கட்டிலில் நிற்கிறாள் என்று பார்த்தால் அடுத்த கட்டிலில் இருப்பாள். அவள் ஒப்பந்த நர்ஸ். பதினோரு மாதத்துக்கு ஓர் உத்தரவு. அது முடிந்ததும் ஒரு நாள் இடைவெளி. மறுநாள் புது உத்தரவு. முழுதாக ஓர் ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தவள் என்று அவள் ஆகிவிடக் கூடாது. ஆகிவிட்டால் நிரந்தரம் கேட்பாள். அந்த ஒரு நாள் அதற்காகத்தான். ஒவ்வொருத்தியும் சேர்ந்த தேதி வேறு என்பதால் ஒவ்வொருத்திக்கும் அந்த நாள் வேறு. எல்லோரும் அதை 'பிரேக்' என்பார்கள்.

காகிதத்தில் அப்படி. நடைமுறையில், பிரேக் அன்றும் வர வேண்டும். பதிவேட்டில் கையெழுத்துப் போடக் கூடாது, அவ்வளவுதான். அவள் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு இழுத்திருக்கும். அவள் போடும் ஊசிகளும் எடுக்கும் காய்ச்சல் அளவுகளும் வார்டுப் பொறுப்பாளரின் கையெழுத்தில் பதிவாகும். அந்த ஒரு நாளில் ஒரே நர்ஸ் நான்கு கைகளால் வேலை பார்த்ததாகப் பதிவேடு சொல்லும். இத்தனை வருடத்தில் அதை யாரும் கேட்டதில்லை.

அந்த வார்டுப் பொறுப்பாளர்தான் அவளுடைய நாத்தனார். ஆஸ்பத்திரிக்கு அவர் பெரிய சிஸ்டர். தம்பியைப் பத்து வயதிலிருந்து வளர்த்தவர், தனக்கென்று ஒரு வாழ்க்கை அமைத்துக்கொள்ளாதவர், கடன் வாங்கிக் கட்டிய வீட்டில் கீழ்ப்பகுதியைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு மாடியில் தனியாக இருப்பவர். ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம்.

நேற்றிரவு குருவி ஒரு சபதம் செய்திருந்தாள். 'நாளைக்கு மத்தியானம் வரைக்கும் என்னை யாரும் எழுப்பக் கூடாது.' எட்டு வருடமாகக் கிடைக்காத தூக்கம் அது.

ஏழு மணிக்கு அவள் வார்டில் இருந்தாள்.

*

"என்ன குருவி, இன்னைக்கு பிரேக் இல்ல?" என்று கேட்டாள் துடைப்பத்தோடு நின்ற ஆயா.

"ஆமா. இன்னைக்கு நான் பேய் மாதிரி. யார் கண்ணுக்கும் தெரிய மாட்டேன்."

"பேய்க்காவது கால் வலிக்காது," என்றாள் ஆயா.

நிரந்தர நர்ஸ்களுக்கு வெள்ளைச் சீருடை, ஒப்பந்தக்காரர்களுக்கு நீலம். சம்பளத்தில் இவளுடையதைப்போல் மூன்று சேர்த்தால்தான் அவர்களுடைய ஒன்று. ஆனால் கட்டில்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. 'சிஸ்டர்' என்று கூப்பிட்டால் பக்கத்தில் இருப்பவர் போக வேண்டும். பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் நீலம்தான்.

பத்தொன்பதாம் கட்டிலில் ஒரு பஸ் கண்டக்டர். மூன்று நாளாகக் காய்ச்சல், இருமல். உடம்பில் தெம்பில்லை, வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை. பார்வையாளர்கள் வாசலில் கூடினால், "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க," என்பார். வார்டே சிரிக்கும்.

"கையைக் குடுங்க, ரத்தம் எடுக்கணும்."

"சில்லறையா எடுத்துக்கங்க சிஸ்டர். மொத்தமா கேட்டா இருக்காது."

எடுத்தாள். நல்ல நரம்பு, முதல் குத்திலேயே வந்தது. வலது கையில் மட்டும் உறை போட்டிருந்தாள். பெட்டியில் உறை தீர்ந்துகொண்டிருந்தது. ஒரு ஜோடியைப் பிரித்து இரண்டு நோயாளிகளுக்கு ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொள்வது அங்கே வழக்கமாகிவிட்டிருந்தது.

ஊசி வெட்டும் இயந்திரம் பழுதாகி ஆறு வாரம். மூன்று முறை எழுதிக் கொடுத்தாயிற்று. அதனால் எடுத்த ஊசிக்கு மூடியைப் போட்டு, தட்டில் சேர்த்துவைத்து, அடுத்த வார்டுக்குக் கொண்டுபோய் வெட்டிவர வேண்டும். 'ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீர்கள்' என்று சுவரில் ஒட்டியிருந்த தாளின் கீழேதான் எல்லோரும் மூடி போட்டுக்கொண்டிருந்தார்கள். மூடியைத் தட்டில் வைத்து ஒரு கையால் கோத்து எடுத்தால் ஆபத்தில்லை. பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பதே குருவிதான்.

"சிஸ்டர்! இங்க வாந்தி எடுக்கறாங்க!"

யாரோ கூப்பிட்டார்கள். ஒரு விநாடி திரும்பினாள். மூடி இடது கையில் இருந்தது. ஊசி மூடிக்குள் போகவில்லை. ஆள்காட்டி விரலுக்குள் போனது.

தட்டு தரையில் விழுந்தது.

வலிக்கவில்லை. ஒரு சிவப்புப் பொட்டு வந்து, நின்று, பெரிதானது.

"குத்திருச்சா சிஸ்டர்?" என்றார் கண்டக்டர்.

"ஒண்ணுமில்ல. நீங்க படுங்க."

"கொஞ்சம் கிட்ட வாங்க."

போனாள். காலையிலிருந்து வாய் ஓயாத மனிதர், போர்வை நுனியைத் திருகிக்கொண்டு கிடந்தார்.

"எனக்கு ரத்தத்துல அது இருக்கு. நாலு வருஷமா. மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தேன். ஒரு வருஷமா விட்டுட்டேன்."

'அது' என்றுதான் சொன்னார். எச்.ஐ.வி. என்ற எழுத்துகளை அவர் வாய் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

"சீட்டு எழுதறப்ப ஏன் சொல்லல?"

"போன ஆஸ்பத்திரியில சொன்னேன். கட்டில் காலி இல்லைன்னுட்டாங்க. வெளிய வரப்ப பாக்கறேன், ஆறு கட்டில் சும்மா கெடக்கு." அவர் அவள் விரலையே பார்த்தார். "திட்டிடுங்க சிஸ்டர்."

"அதுக்கெல்லாம் இப்ப நேரமில்ல," என்றாள். பிறகு, போகிற போக்கில் அல்ல, நின்று சொன்னாள்: "நீங்க சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. சொன்னீங்களே, அது போதும்."

குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. சோப்புப் போட்டு விரலைக் கழுவினாள். பிழிந்து ரத்தம் எடுக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது, ஓடும் நீரில் காட்ட வேண்டும். எல்லாம் தெரியும். தொற்றைத் தடுக்கும் முதல் மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் விழுங்கினால் நல்லது என்பதும் தெரியும்.

*

"சிஸ்டர், ஊசி குத்திடுச்சு."

வார்டுக்குள் அவள் அண்ணி என்று கூப்பிடுவதில்லை. சேர்ந்த முதல் நாளே வந்த உத்தரவு அது.

"யாரோடது?"

"பத்தொன்பது. அவருக்கு எச்.ஐ.வி. இருக்காம். இப்பதான் சொன்னார்."

பெரிய சிஸ்டர் அவள் விரலைப் பிடித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவர் கை சூடாக இருந்தது. அந்தக் கை தன்னை இப்படிப் பிடித்து எத்தனை நாளாயிற்று என்று குருவிக்குத் தோன்றியது.

பிறகு அவர் பார்வை மேசையில் கிடந்த பதிவேட்டுக்குப் போய்த் திரும்பியது. ஒரு கணம்தான். அதைக் குருவி பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"முதல்ல மாத்திரை. ஓடு. வார்டை நான் பாத்துக்கறேன்."

மருந்தறை ஜன்னலுக்குக் கம்பி போட்டிருக்கும். கம்பிக்குப் பின்னால் இருந்தவர் அவளுக்குப் பல வருடப் பழக்கம். விஷயத்தைக் கேட்டதும் ஊசிக் காயப் படிவத்தை எடுத்து நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது.

"ஏம்மா குருவி, உன் ஆர்டர் நேத்தோட முடிஞ்சுபோச்சே?"

"ஆமா."

"புதுசு நாளைக்குத்தானே?"

"ஆமா."

"அப்ப இன்னைக்கு நீ யாரு?"

"வார்டுல வந்து கேளுங்க. நாப்பத்தாறு பேரும் சொல்வாங்க."

அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய், ஒரு மாத்திரை அட்டையைக் கிழித்துக்கொண்டு வந்தார். "மூணு நாளைக்கு இருக்கு. ஒண்ணை இப்பவே போட்டுக்க. மாத்திரைக்குத்தான் அவசரம், காகிதத்துக்கு இல்ல. ஆனா அஞ்சு மணிக்கு நான் கணக்கு முடிக்கணும். அதுக்குள்ள படிவம் வந்தாகணும். மிச்ச மாத்திரை, ரத்தப் பரிசோதனைச் சீட்டு எல்லாம் அதைக் காட்டினாத்தான்."

தன் தண்ணீர்ப் பாட்டிலைக் கம்பி வழியாக நீட்டினார். அவள் அங்கேயே விழுங்கினாள்.

"இன்னொண்ணு," என்றார் குரலைத் தாழ்த்தி. "நாளைக்குத் தேதி போட்டுக் கொண்டா. ஒருத்தருக்கும் தொந்தரவில்ல. எல்லாரும் அப்படித்தான்."

எல்லாரும் என்றால் யார் என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை.

*

"மருந்தறைக்காரர் சொல்றது சரிதான்," என்றார் பெரிய சிஸ்டர், மருந்து கலந்துகொண்டே. "நாளைக்குத் தேதி போடு. காகிதத்துலதானே."

குருவி பஞ்சு நறுக்கினாள்.

"இன்னைக்குத் தேதி போட்டா முதல் கேள்வி என்னன்னு தெரியுமில்ல? வேலையில இல்லாதவளை ஊசி போட வெச்சது யாருன்னு."

"தெரியும் சிஸ்டர்."

"எனக்கு இன்னும் நாலு மாசம்."

விசாரணை என்று ஒரு காகிதம் வந்தால், அது முடியும்வரை பென்ஷன் நிற்கும். மேல்மாடி வார்டுப் பொறுப்பாளர் ஒருவருக்கு ஆறு வருடம் நின்றது. அது வந்து சேர்ந்தபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை. இவருக்கோ பென்ஷன் பணத்தில்தான் வீட்டுக் கடன் முடிய வேண்டும். கீழ்வீடும் அந்தக் கடனுக்குள்தான் இருக்கிறது.

நாளைக்குத் தேதி. ஒரே ஓர் எண் மாறினால் போதும். பஞ்சை நறுக்கி முடிக்கும்போது குருவி கிட்டத்தட்ட முடிவுக்கே வந்திருந்தாள்.

அப்போதுதான் பயிற்சி டாக்டர் வந்தாள். அவளும் முந்தின நாள் காலையிலிருந்து நிற்கிறவள், பேனாவை மூடியபடியே எழுதப் பார்த்தாள்.

"பத்தொன்பதை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறோம் சிஸ்டர். இங்க அவருக்கு வேண்டிய மருந்து இல்ல. மூணு மணிக்கு வண்டி."

"இன்னைக்கேவா?" என்றாள் குருவி.

"இன்னைக்குத்தான். விரல் எப்படி இருக்கு? ரொம்பப் பயப்படாதீங்க. முந்நூறுல ஒருத்தருக்குத்தான் தொத்தும். மாத்திரை போட்டா அதுவும் குறையும்."

குருவி தலையாட்டினாள். அவள் யோசித்துக்கொண்டிருந்தது வேறு. மூன்று மணிக்கு அவர் போய்விடுவார். நாளைக்கு இந்தக் கட்டிலில் வேறொருவர் இருப்பார். நாளைத் தேதியில் எந்த ஊசி தன்னைக் குத்தியிருக்க முடியும்?

*

மத்தியானம் கணவன் சாப்பாட்டு டப்பாவோடு வந்தான். ஓடாத லிப்டின் பக்கத்தில் ஒரு மரப் பெஞ்சு உண்டு. இருவரும் அதில் உட்கார்ந்தார்கள். அவள் சொன்னாள். அவன் கேட்டு முடித்து, டப்பாவின் மூடியை மூடி, திறந்து, மறுபடி மூடினான்.

"முந்நூறுல ஒருத்தருக்குன்னு டாக்டர் சொல்றாங்க," என்றாள்.

"அந்த ஒருத்தர் யாருன்னு சொன்னாங்களா?"

மாடிப்படியில் யாரோ ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தேயும்வரை இருவரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு மாசம் மாத்திரை. ஆறு மாசம் வரைக்கும் பரிசோதனை. அதுவரைக்கும் நாம ஜாக்கிரதையா இருக்கணும்."

"சரி."

"படிவத்துல தேதிதான் பிரச்சினை."

அதையும் சொன்னாள். அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். செம்புக் கம்பி அறுத்த பழைய கோடுகள் அவற்றில் இருந்தன.

"நாளைக்குன்னு போட்டா என்ன? அக்கா பாவம். அவங்க இல்லன்னா நான் இல்ல."

"நான் இல்லைன்னா சொன்னேன்?"

"அப்புறம் என்ன யோசனை?"

"ஆறு மாசம் கழிச்சு என் ரத்தத்துல வந்துடுச்சுன்னு வெச்சுக்கங்க. இந்தப் படிவத்தைத்தான் எடுப்பாங்க. நாளைக்குத் தேதி இருக்கும். நாளைக்கு அந்த ஆளே இங்க கிடையாது. அப்ப இது எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. என்னைக் கேப்பாங்க. உங்களையும் வரச் சொல்லிக் கேப்பாங்க. நீங்க என்ன சொல்வீங்க?"

"நான் உன்னை நம்புவேன்."

"நம்புவீங்களான்னு கேக்கல. என்ன சொல்வீங்கன்னு கேக்கறேன்."

அவன் டப்பாவைத் திறந்து அவள் மடியில் வைத்தான்.

"சாப்பிடு," என்றான் கடைசியில்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று வந்த முதல் சிரிப்பு. அவனும் சிரிக்கப் பார்த்தான். அவனால் முடியவில்லை.

"அண்ணிகிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசுங்களேன்."

"என்னன்னு பேசுவேன்? அக்கா, நீங்க மாட்டிக்கங்கன்னா? உன்கிட்டயும் பேச முடியல, அவங்ககிட்டயும் பேச முடியல. என்னைக் கேக்காத. நீ எது செஞ்சாலும் சரி."

அவன் அதை அன்பாகத்தான் சொன்னான். ஆனால் எழுந்து போகும்போது அவன் நடையில் ஓர் அவசரம் இருந்தது, கடையைத் திறந்துபோட்டுவிட்டு வந்தவனைப்போல. டப்பாவை அவள் மடியிலேயே விட்டுவிட்டுப் போனான். இரண்டு வாய்க்கு மேல் அவளால் முடியவில்லை.

மூன்று மணிக்குக் கண்டக்டரைத் தள்ளுபடுக்கையில் கொண்டுபோனார்கள். வாசலருகே அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"சிஸ்டர், மாத்திரையை நடுவுல விட்டுடாதீங்க. விட்டவன் சொல்றேன்."

"நீங்களும் ஆரம்பிங்க."

"அங்க கட்டில் குடுத்தா ஆரம்பிக்கறேன்," என்றார். வண்டி நகர்ந்தது. "போலாம், ரைட்," என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது கேட்டது.

*

நாலரைக்குக் குருவி படிவத்தை எழுதினாள். பெயர். வார்டு. எந்த விரல். எந்த ஊசி. நோயாளியின் எண். நேரம், காலை பத்து இருபது. தேதி என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை எடுத்துவிட்டாள். மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை முனகிக்கொண்டிருந்தது. அந்த முனகலை எண்ணிக்கொண்டே இருந்தாள். பிறகு இன்றைய தேதியை எழுதினாள்.

கடைசிக்கு முந்தின கட்டம் மீதி இருந்தது: 'பணிக்கு அழைத்தவர்.' அதை வெறுமையாக விட்டு, படிவத்தைப் பெரிய சிஸ்டரின் மேசையில் வைத்தாள்.

அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு மறுபடி மேலே போனார்.

"தேதி."

"இன்னைக்குத்தான் அண்ணி."

வார்டுக்குள் அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் தலை நிமிரவில்லை.

"நானா வந்தேன்னு எழுதிடறேன்," என்றாள் குருவி. "யாரும் கூப்பிடல. நீங்க வேலையில இருந்தீங்க, என்னைக் கவனிக்கல. அப்படிப் போட்டா உங்களுக்கு ஒண்ணும் வராது."

"ஒருத்தி காலையில ஏழு மணியிலேருந்து என் வார்டுல ஊசி போட்டுட்டு இருக்கா, நான் கவனிக்கல? நல்லாருக்கு. முப்பத்திநாலு வருஷம் வேலை பாத்துட்டு, கடைசியில இந்தப் பேரோட வீட்டுக்குப் போகணும்."

"அப்படி இல்ல..."

"நீயா வந்தேன்னு எழுதினா, அத்துமீறி உள்ள வந்தவன்னு நாளைக்கு உனக்குப் புது ஆர்டரே தர மாட்டாங்க. யோசிச்சியா?"

"யோசிச்சேன்."

"யோசிச்சுட்டுத்தான் சொல்றியா?"

ஏதோ ஒரு கட்டிலில் யாரோ தண்ணீர் கேட்டார்கள். ஆயா போனாள்.

"பிரேக் அன்னைக்கு உன்னை எத்தனை தடவை கூப்பிட்டிருக்கேன்?" என்றார் அவர் திடீரென்று.

"இது ஒன்பதாவது."

"உனக்கு வந்த பிரேக்கே ஒன்பதுதானே?"

"ஆமா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மூக்கின் இரு பக்கமும் பதிந்திருந்த தடத்தை விரலால் அழுத்திக்கொண்டார். கண்ணாடி இல்லாத அந்த முகத்தைக் குருவி அதிகம் பார்த்ததில்லை. அது தன் கணவனின் முகம்போலவே இருந்தது, இன்னும் களைப்பாக.

"ஒரு தடவைகூட மாட்டேன்னு சொல்லலியே நீ."

"கூப்பிடறது அண்ணியா, சிஸ்டரான்னு எனக்கு ஒரு தடவையும் தெரியல. சிஸ்டர்னா மாட்டேன்னு சொல்லியிருப்பேன். அண்ணின்னா, காசைப் பத்தி நினைக்காமலே வந்திருப்பேன். ரெண்டும் ஒரே குரல்லதான வருது."

சொல்லியிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது. ஆனால் சொல்லியாயிற்று. பெரிய சிஸ்டர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே துவைத்த படுக்கை விரிப்புகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. அவர் அவற்றை எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தார். நாலே முக்கால். நாலு ஐம்பது.

பிறகு பேனாவை எடுத்தார்.

"பத்து இருபது இல்ல. தட்டு விழுந்தப்ப நான் மணி பாத்தேன். பத்து பதினெட்டு."

நேரத்தைத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். வெறுமையாக இருந்த கட்டத்தில், 'என்னால் அழைக்கப்பட்டார்' என்று எழுதினார். கீழே முழுப் பெயர், பதவி, முத்திரை. முத்திரையை அழுத்திவிட்டு, மை காய ஊதினார். எந்தக் காகிதத்துக்கும் அவர் அப்படித்தான் செய்வார்.

"அண்ணி..."

"கொஞ்ச நாளைக்கு மாடிக்கு வராத," என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். "நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்லல. உன்னைப் பாத்தா எனக்கு இந்தக் கட்டம்தான் ஞாபகம் வரும். வராத. தம்பியையும் அனுப்பாத."

*

மருந்தறைக்காரர் படிவத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் படித்தார். படித்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"பெரிய சிஸ்டரே எழுதினாங்களா?"

"அவங்க கையெழுத்து உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியறதாலதான் கேக்கறேன்." பெருமூச்சு விட்டார். மாத்திரை அட்டைகளை எண்ணி, ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு சேர்த்துக் காகிதப் பையில் போட்டுக் கொடுத்தார். "இது மூணு நகலா போகும். ஒண்ணு கண்காணிப்பாளருக்கு. நான் வெச்சுக்க முடியாதும்மா. இப்பவே அனுப்பியாகணும்."

"அனுப்புங்க."

ரத்தம் கொடுத்துவிட்டு அவள் வார்டுக்குத் திரும்பியபோது, அலுவலகச் சிப்பந்தி மேசையருகே நின்றிருந்தார்.

"பெரிய சிஸ்டரைக் கண்காணிப்பாளர் ஐயா கூப்பிடறார். உடனே வரணுமாம்."

"என்னையுமா?" என்றாள் குருவி.

அவர் கையிலிருந்த துண்டுச்சீட்டைப் பார்த்தார். "உங்க பேர் இதுல இல்லீங்களே."

பெரிய சிஸ்டர் எழுந்தார். உட்கார்ந்ததில் சீருடையில் விழுந்த மடிப்பைக் கையால் நீவிவிட்டார். சாவிக்கொத்தை மேசையில் வைத்தார். இந்த வார்டில் அவர் சாவியை வைத்துவிட்டு எங்கும் போனதில்லை. குருவி அவர் பின்னாலேயே நாலடி நடந்தாள்.

வாசலில் அவர் நின்றார். திரும்பாமலே பேசினார்.

"முப்பத்தொண்ணுக்கு சலைன் பாட்டில் முடியப்போகுது. பாத்து மாத்து. அங்கேயே நில்லு."

போய்விட்டார். தாழ்வாரத்தில் அவருடைய செருப்புச் சத்தம் ஒரே சீராகப் போய், தூரத்தில் ஒரு கதவு திறந்து, மூடியது.

குருவி முப்பத்தொன்றாம் கட்டிலுக்குப் போனாள். பாட்டிலில் பாதிக்கு மேல் இருந்தது. முடிய இன்னும் இரண்டு மணி நேரமாவது ஆகும். அண்ணி எந்தப் பாட்டிலையும் இப்படித் தப்பாகச் சொல்லி அவள் கேட்டதில்லை. தன் பின்னால் வராதே என்றுதான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"என்ன சிஸ்டர் பாக்கறீங்க?" என்றார் கட்டிலில் இருந்தவர். "அதான் இன்னும் நிறைய இருக்கே?"

"இருக்கு," என்றாள். மாத்திரைப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "என்னை இங்க நிக்கச் சொல்லியிருக்காங்க."